காட் ஆஃப் வாரை நாவலாக எழுதிப் பார்க்கிறேன், சண்டையில் மாட்டிக்கொண்டேன்

கரையோரப்படகு:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018இல் வந்த காட் ஆஃப் வார் ஆட்டத்தைத் தமிழில் நாவலாக எழுதிப் பார்க்கிறேன். ஆறு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து எழுதுகிறேன். விற்க இல்லை, அச்சடிக்க இல்லை, என் தங்கைக்காக. அவளுக்கு அந்தக் கதை என்றால் உயிர், ஆனால் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தால் கேமராவைத் தரையைப் பார்க்க வைத்துவிட்டு சுவரில் முட்டிக்கொண்டே நிற்பாள். நான் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், பாதியில் தூங்கிவிடுவாள், மறுநாள் "அப்புறம் என்ன ஆச்சு" என்று கேட்பாள். அப்படித்தான் இந்த யோசனை வந்தது.

ஆடாதவர்களுக்காக: பழைய ஆட்டங்களில் கிரேக்கக் கடவுள்களைக் கொன்று தீர்த்த க்ரேடோஸ், அந்தப் பாவத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே நார்ஸ் தெய்வங்களின் நாட்டுக்கு வந்து, ஃபே என்ற பெண்ணோடு காட்டில் குடும்பம் நடத்துகிறான். மகன் பெயர் அட்ரியஸ். ஃபே இறந்துபோகிறாள். ஒன்பது உலகங்களிலும் உயரமான சிகரத்தில் தன் சாம்பலைத் தூவ வேண்டும் என்பது அவளுடைய கடைசி ஆசை. அப்பனும் மகனும் அந்தச் சாம்பல் பையோடு கிளம்புகிறார்கள். இவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் வழியில் வருவது.

மூன்று அத்தியாயம் முடித்துத் தங்கையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அண்ணா, இது யூடியூபில் வாக்த்ரூ போடுகிறவன் பேசுவது மாதிரி இருக்கு" என்றாள். வலித்தது. திரும்பப் படித்தேன், உண்மைதான். ஒரு துண்டு இங்கே:

"க்ரேடோஸ் கோடரியை வீசினான். அது முதல் டிராகரின் மார்பில் பாய்ந்தது. அவன் கையை நீட்டினான். கோடரி திரும்பப் பாய்ந்து வந்து கையில் சேர்ந்தது. இரண்டாவது டிராகர் அவன் மீது பாய்ந்தது."

இப்படிப் பதினைந்து பக்கம். ஆட்டத்தில் கோடரியை வீசி, முக்கோணப் பொத்தானை அழுத்தினால் அது எங்கிருந்தாலும் சுழன்று வந்து உள்ளங்கையில் 'டப்' என்று விழும், கன்ட்ரோலர் ஒரு உதறு உதறும். இருபது மணி நேரத்துக்கு மேல் ஆடியும் எனக்கு அது சலிக்கவில்லை. எழுத்தில் மூன்றாவது தடவையே எனக்கே கொட்டாவி வருகிறது.

இன்னொரு சிக்கல், யார் கண்ணால் சொல்வது என்பது. ஆரம்பத்தில் ஒரு மான் வேட்டை வரும். அம்பு பட்ட மான் கீழே கிடக்கிறது, கழுத்தில் கத்தியை இறக்கப் பையனால் முடியவில்லை. க்ரேடோஸ் அவன் கை மேல் தன் கையை வைத்து அழுத்தி முடித்துவைக்கிறான். பையன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். க்ரேடோஸின் கை அவன் முதுகைத் தொடப்போகிறது, அந்தரத்தில் நிற்கிறது, தொடாமலே திரும்பிவிடுகிறது. ஆட்டத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அது. பையன் கண்ணால் எழுதினால் அந்தக் கை தெரியாது, அது அவன் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. க்ரேடோஸ் மனசுக்குள் போய் எழுதினால் ஏன் தொடவில்லை என்று அவன் நினைத்தாக வேண்டும், நினைத்தால் அவன் க்ரேடோஸ் இல்லை. நாலு மாதிரி எழுதி நாலையும் அழித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு சில்லறைக் கேள்வி. அவன் மகனை எப்போதும் "பாய்" என்றுதான் கூப்பிடுவான். அதைத் தமிழில் அப்படியே போட்டால் பிரியாணிக் கடை ஞாபகம்தான் வருகிறது. என்ன செய்யலாம்?

பழைய_மெமரிகார்டு:

தம்பி, நான் 2005இல் வந்த முதல் ஆட்டத்தை மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆடியவன். மெமரி கார்டு பாழாகி தொடக்கத்தில் வரும் ஹைட்ராவிலிருந்து மறுபடி தொடங்கிய அனுபவம் இரண்டு தடவை. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

கோடரி ஏன் சலிக்கவில்லை என்றால் அதை வீசியது நீங்கள். க்ரேடோஸ் இல்லை. எழுத்தில் வீசுவது அவன், படிப்பவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார். இந்த வித்தியாசத்தைப் பிடித்தால்தான் மேலே போக முடியும்.

முதல் ஆட்டத்தில் பண்டோராவின் கோவிலுக்குள் ஒரு கூண்டு வரும், உள்ளே ஒரு வீரன் உயிரோடு. அவனைப் பலி கொடுத்தால்தான் வழி திறக்கும். கூண்டை நீங்கள்தான் தள்ள வேண்டும். அவன் கெஞ்சக் கெஞ்சத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், வேறு வழியே கிடையாது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பொத்தானை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், பக்கத்து சீட்டுக்காரன் "என்னடா மாட்டிக்கிட்டியா" என்று கேட்டான். இதையே நாவலில் "க்ரேடோஸ் கூண்டைத் தள்ளினான்" என்று எழுதினால் அவன் ஒரு கொடுமைக்காரன், முடிந்தது விஷயம். ஆட்டத்தில் அந்தக் கொடுமையில் எனக்கும் பங்கு இருந்தது.

இன்னும் ஒன்று. அதே ஆட்டத்தில் எதிரியை எட்டிப் பிடித்துக் கிழிக்க வட்டப் பொத்தான். கடைசியில் போர்க்கடவுள் ஏரிஸ் க்ரேடோஸை அவன் மனசுக்குள்ளேயே தள்ளிவிட, செத்துப்போன மனைவியும் மகளும் அங்கே நிற்பார்கள், க்ரேடோஸ் உருவத்திலேயே கும்பல் கும்பலாக வந்து அவர்களைக் கொல்லப் பார்ப்பார்கள். அவர்களைக் காப்பாற்ற உங்கள் உயிரில் கொஞ்சம் எடுத்து அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், கட்டி அணைத்துக் கொடுக்க வேண்டும். எந்தப் பொத்தான்? அதே வட்டம். ஆட்டம் முழுக்கக் கிழித்த விரல் அணைக்கவும் அதையேதான் அழுத்துகிறது. இவர்களை ஒரு காலத்தில் தன் கையால் கொன்றவனும் அவன்தானே.

எழுத்தில் பொத்தான் கிடையாது, வினைச்சொல் இருக்கிறது. எதிரியைப் பிடிக்கும் இடத்திலெல்லாம் "இறுக்கினான்" என்றே எழுதிக்கொண்டு வாருங்கள், வேறு சொல்லே போடாதீர்கள். கடைசியில் மகளையும் "இறுக்கினான்" என்று எழுதுங்கள். படிப்பவருக்கு ஒரு நொடி திக்கென்று இருக்கும். உங்கள் ஆட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. சதுரப் பொத்தானை அழுத்தினால் பையன் அம்பு விடுவான் இல்லையா, அவன் நோயில் விழுந்து மந்திரக்காரி ஃப்ரேயா வீட்டில் கிடக்கும்போது அந்தப் பொத்தான் சும்மா இருக்கும். எனக்குப் பழக்கதோஷத்தில் விரல் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. நாவலில் க்ரேடோஸ் "இடது பக்கம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஒரு வரி போதும்.

உபதகவல்: இந்தத் தொடரில் ஏற்கெனவே நாவல்கள் வந்திருக்கின்றன. முதல் ஆட்டத்துக்கு 2010இல் மாத்யூ ஸ்டோவரும் ராபர்ட் வார்ட்மனும் எழுதினார்கள். நீங்கள் எடுத்திருக்கும் 2018 ஆட்டத்துக்கு எழுதியவர் ஜே. எம். பார்லாக். ஆட்டத்தை இயக்கிய கோரி பார்லாக்கின் அப்பா! அப்பன் மகன் கதையை மகன் ஆட்டமாக எடுக்க, அப்பா உட்கார்ந்து நாவலாக எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ.

மாடிப்படி_வாசகி:

நான் விளையாட்டே ஆடியதில்லை. தம்பி போட்ட துண்டைப் படித்ததால் எழுதுகிறேன்.

அந்த ஐந்து வாக்கியங்களில் "பாய்ந்த" மூன்று தடவை வருகிறது. அது இருக்கட்டும். உண்மையான குறை, அந்தச் சண்டை முடிந்தபின் எதுவும் மாறவில்லை. வந்தான், அடித்தான், போனான். ஒரு சண்டையை அப்படியே உருவி எடுத்துவிட்டாலும் கதை நகரும் என்றால் அந்தச் சண்டை வேண்டாம். பத்து சண்டையில் எட்டை "அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு கூட்டத்தைக் கடந்தார்கள்" என்று தாண்டிப் போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. மிச்சம் இரண்டை ஆற அமர எழுதுங்கள்.

ஆற அமர என்றால் எப்படி என்பதற்கு ஹோமரைப் பாருங்கள், கிரேக்கம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். இலியட்டில் ஆட்கள் சாவதற்குக் கணக்கே இல்லை, ஆனாலும் படிக்க முடிகிறது. ஆறாம் பகுதியில் அக்ஸிலஸ் என்று ஒருவன் வருகிறான். அரிஸ்பே ஊர்க்காரன், வசதியானவன், சாலையோரத்தில் வீடு, வழிப்போக்கர் யார் வந்தாலும் உபசரிப்பான். கிரேக்க வீரன் டயோமிடீஸ் அவனைக் கொல்கிறான். அத்தனை பேருக்குச் சோறு போட்டவனுக்கு முன்னால் வந்து நின்று காப்பாற்ற அன்றைக்கு ஒருத்தரும் இல்லை என்று கவி சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார். மொத்தம் ஏழெட்டு வரிதான். ஈட்டி எங்கே குத்தியது என்று எனக்கு ஞாபகமில்லை, அந்தச் சாலையோர வீடு ஞாபகமிருக்கிறது.

உங்கள் டிராகர்கள் யார் என்று தேடிப் பார்த்தேன். சாக மறுத்து எழுந்து வந்த போர்வீரர்களாமே. அப்படியென்றால் அவர்களுக்கும் வீடு இருந்திருக்கும். ஒருத்தன் இடுப்பில் யாரோ பின்னிக் கொடுத்த கயிறு இன்னும் இருக்கட்டும், பையன் அதைக் கவனிக்கட்டும். அப்பன் கவனிக்க வேண்டாம்.

நம் பக்கத்திலும் ஒரு வழி இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் போரை நேராகச் சொல்வதில்லை. களத்தைப் பார்த்துவிட்டு வந்த பேய் காளியிடம் சொல்கிறது. கேட்கிற பேய்களுக்கெல்லாம் பசி, பிணம் விழுந்தால் அவற்றுக்குக் கூழ். யார் சொல்கிறார், அவருக்கு அந்தப் போரில் என்ன லாபம் என்பதை வைத்தே ரத்தத்தின் நிறம் மாறிவிடுகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

"பாய்" விஷயம். "டேய்" வேண்டாம், அதில் செல்லம் இருக்கிறது. "சிறுவா" என்றால் அம்புலிமாமா. "பையா" டப்பிங் படம். "மகனே" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு சொல்ல ஒன்றும் மிஞ்சாது. தமிழில் கூப்பிடாமலே பேச முடியும் என்பதை மறந்துவிட்டீர்கள். "நட." "குனி." "என் பின்னால் வா." கூப்பிடாத அப்பாக்கள் நம் வீடுகளில் இல்லையா என்ன? என் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம், "இங்க பாரு" என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பெயர். பையன் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் "அப்பா" போடட்டும். "நீ" வேண்டாம், "நீங்கள்" என்றே பேசட்டும்.

சும்மா_ஒருத்தன்:

எதுக்கு இவ்வளவு சிரமம்? ஆட்டத்தில் வரும் காட்சிகளை மட்டும் ஒட்டி யூடியூபில் படம் மாதிரி போட்டிருக்கிறார்கள், தங்கைக்கு அந்த லிங்கை அனுப்பிவிடுங்கள்.

மிமிர்தலை:

மேலே உள்ளவருக்கு: அனுப்பலாம், அவள் அதிலும் பாதியில் தூங்கிவிடுவாள் என்று அவர்தான் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டாரே.

படகு, என் பெயரைப் பார்த்தாலே என் கட்சி தெரிந்திருக்கும். கதையை மிமிர் சொல்லட்டும். ஆடாதவர்களுக்கு: நார்ஸ் தெய்வங்களின் தலைவன் ஓடின் ஒரு மரத்தோடு பிணைத்து வைத்திருந்த அறிவாளி மிமிர். அவன் தன் தலையை வெட்டித் தரச் சொல்ல, க்ரேடோஸ் வெட்டி, ஃப்ரேயா உயிர் கொடுக்க, அதற்கப்புறம் அந்தத் தலை க்ரேடோஸின் இடுப்பில் தொங்கிக்கொண்டே வரும். படகில் போகும்போது மிமிர் பழைய கதைகள் சொல்வான். நீங்கள் படகைக் கரை சேர்த்தால் பாதியில் நிறுத்திவிடுவான், மறுபடி படகில் ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். நான் கரைக்குப் போகாமல் ஏரியில் சும்மா வட்டமடித்திருக்கிறேன், கதை முடியட்டும் என்று. அதை நாவலில் அப்படியே வைக்கலாம். அத்தியாயம் கதையின் நடுவில் அறுந்து, இரண்டு அத்தியாயம் கழித்துத் தொடரட்டும்.

இன்னொரு விஷயம், இந்த ஆட்டத்தில் நாவலுக்கென்றே செய்துவைத்த மாதிரி ஒரு முடிச்சு இருக்கிறது, அதைச் சண்டைக்குள் தொலைத்துவிடாதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டர்லுசன் எழுதிவைத்த எட்டா என்ற நார்ஸ் புராண நூலில் பால்டர் என்ற தெய்வத்தின் சாவு இப்படி: உலகில் உள்ள எதுவும் மகனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று தாய் எல்லாப் பொருளிடமும் சத்தியம் வாங்குகிறாள். மிஸில்டோ என்கிற புல்லுருவிச் செடியை மட்டும், அது சின்னஞ்சிறுசு என்று விட்டுவிடுகிறாள். சூழ்ச்சிக்காரனான லோகி அதைக் கண்டுபிடித்து, பார்வையில்லாத ஹோடரின் கையில் கொடுத்து எறியவைக்கிறான். பால்டர் சாகிறான்.

ஆட்டத்தில் தாய் ஃப்ரேயா. அவள் மந்திரத்தால் பால்டருக்கு வலி கிடையாது, கூடவே ருசி, சூடு, குளிர் எதுவும் கிடையாது, அதற்காகவே அம்மாவை வெறுக்கிறான். சிந்த்ரி என்ற குள்ளக் கொல்லன் பையனுக்குப் புல்லுருவி அம்புகள் கொடுக்கிறான். ஃப்ரேயா அவற்றைப் பார்த்ததும் முகம் மாறி நெருப்பில் போட்டு எரித்துவிடுகிறாள். ஆனால் ஒரு முனை மட்டும் தப்பித்துவிடுகிறது, அறுந்துபோன அம்பறாத்தூணி வாரை இணைக்க க்ரேடோஸ் அதைச் செருகிவைத்திருக்கிறான். கடைசிச் சண்டையில் பால்டர் பையனின் நெஞ்சில் குத்த, அந்த முனை அவன் கையில் ஏறுகிறது. மந்திரம் உடைகிறது. யாரும் திட்டம் போடவில்லை, ஒரு அப்பன் மகனின் வாரைச் சரிசெய்துகொடுத்தான், அவ்வளவுதான். அப்புறம் அரக்கர்களின் உலகமான யோட்டுன்ஹைமுக்குப் போனால் அந்தப் பையனுக்கு அரக்கர்கள் வைத்த பெயர் லோகி என்று தெரிகிறது! எட்டா படித்தவர்கள் அந்த இடத்தில் எழுந்து நின்றுவிடுவார்கள். ஆட்டத்தில் வார் கட்டும் காட்சி ஏதோ வழியில் நடக்கும் சில்லறை வேலை மாதிரி கடந்துபோய்விடும். நாவலில் அதற்கு முழுதாக ஒரு பக்கம் கொடுங்கள், ஆனால் அது முக்கியம் என்று காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். குளிரில் விரல் விறைத்துப்போய் அப்பனால் முடிச்சுப் போட முடியவில்லை என்று எழுதினால் படிப்பவர் அதை வெறும் பாசம் என்று நினைத்துக்கொள்வார்.

கரையோரப்படகு:

எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மெமரிகார்டு அண்ணா, அந்த "இறுக்கினான்" யோசனை அருமை, எடுத்துக்கொள்கிறேன். வாசகி அக்கா, மூன்றாம் அத்தியாயத்தில் ஆறு சண்டையில் ஐந்தை வெட்டிவிட்டேன். வெட்டும்போது வயிறு எரிந்தது. வெட்டியபின் பார்த்தால் கதை அப்படியேதான் இருக்கிறது. கயிறையும் வைத்துவிட்டேன்.

மிமிர், உங்கள் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு இடத்தில்தான் உதைக்கிறது. மான் வேட்டை நடக்கும்போது மிமிர் இன்னும் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறான். அந்தக் கையை அவனும் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதைப் பார்த்தது கேமரா மட்டும்தான். அந்த ஆட்டத்தில் கேமரா தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு வெட்டுகூட இல்லாமல் ஒரே ஷாட்டாகப் பின்னாலேயே வருகிறதே, யாரோ கூடவே நடந்து வருகிற மாதிரி. அந்த "யாரோ" எனக்கு வேண்டும்.

நோட்டரி_பக்கத்து_டீக்கடை:

எழுத்து பற்றி எனக்குத் தெரியாது, ஒரு எச்சரிக்கை மட்டும். தங்கைக்கு எழுதுவது வரை யாரும் கேட்கப் போவதில்லை. நாளைக்கு நாலு பேர் நல்லா இருக்கு என்றதும் இ-புத்தகமாகப் போட்டு 99 ரூபாய் என்று வைக்கத் தோன்றும், அங்கேதான் வம்பு. பால்டரும் லோகியும் யாருக்கும் சொந்தமில்லை, எட்டாவை வைத்து நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் சாம்பல் தோலும் சிவப்புக் கோடும் போட்ட அந்த ஸ்பார்ட்டாக்காரன், அவன் மகன், இந்தக் கதைப்போக்கு எல்லாம் சோனி நிறுவனத்தின் சொத்து. ஒரு படைப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் உரிமையும் உரிமையாளருக்குத்தான், நம் காப்புரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இலவசமாகப் போட்டாலும் உரிமை உங்களுடையது ஆகிவிடாது.

வேடிக்கை என்னவென்றால் க்ரேடோஸ் என்ற பெயர் மட்டும் பழசு. பழைய கிரேக்கக் கவி ஹெஸியடில் க்ரேடோஸ் ஸ்டிக்ஸின் மகன், பெயருக்கு அர்த்தமே வலிமை. பிரொமிதியஸைப் பாறையில் பூட்டும் கிரேக்க நாடகத்தில் பக்கத்தில் நின்று "இன்னும் இறுக்கு" என்று விரட்டுகிறவன் அவன்தான். மேலே அண்ணன் சொன்ன வினைச்சொல் தற்செயலாக அங்கே போய்ச் சேருகிறது பாருங்கள்.

பழைய_மெமரிகார்டு:

அட, டீக்கடை அண்ணாச்சி கலக்கிவிட்டார்.

படகு, அந்த "யாரோ" பற்றி. முதல் ஆட்டத்தில் ஒரு வயதான பெண் குரல் கதை சொல்லும். யார் என்று தெரியாது. இரண்டாவது ஆட்டத்தில்தான் அது பூமித்தாய் கயா என்று தெரியவரும். அவளுக்கு க்ரேடோஸால் ஆக வேண்டிய காரியம் இருந்தது, அதனால்தான் அவ்வளவு நேரம் அவன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். உங்கள் ஆட்டத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? சிதைக்கு அவன் வெட்டுகிற மரத்தில் தங்க நிறத்தில் கைத்தடம் இருக்கும், வைத்தது ஃபே. யோட்டுன்ஹைம் சுவரில் இவர்கள் நடந்த பயணம் முழுக்க நடப்பதற்கு முன்பே செதுக்கியிருக்கும். அவளுக்கு எல்லாம் தெரியும். அவள் பைக்குள் சாம்பலாகக் கூடவேதான் வருகிறாள், அவன் இடுப்பில். கையைப் பார்த்தது அவள்தான்.

மிமிர்தலை:

அய்யோ, வேண்டாம். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் யோட்டுன்ஹைமில் என்ன மிச்சமிருக்கும்? அவள் அரக்கர் குலம் என்பதே கடைசியில்தானே தெரிகிறது.

மாடிப்படி_வாசகி:

யார் என்று சொல்ல வேண்டாமே. "நான்" என்ற சொல்லையே கடைசி அத்தியாயம் வரை எழுதாதீர்கள். தன்னைப் பற்றிப் பேசாத ஒரு குரல், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரலுக்கு இவன் கோடரியைப் பிடிக்கும் விதம் தெரியும், எந்தத் தோள் வலிக்கும் என்று தெரியும், பையன் பொய் சொன்னால் கண்டுபிடிக்கும். அந்தக் கோடரியே முன்னால் அவளுடையதாமே, இப்போதுதான் படித்தேன். கவனமாகப் படிக்கிறவர் பாதியில் பிடித்துவிடுவார், பிடிக்கட்டும். மிமிர் படகில் கதை சொல்லும்போது இந்தக் குரல் "அது அப்படி நடக்கவில்லை" என்று ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுக்கிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

மிமிர்தலை:

அந்தக் குறுக்கீடு இருக்குமென்றால் சரி, என் எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். சிந்த்ரியின் சகோதரன் ப்ராக் மட்டும் மதுரைத் தமிழ் பேசக் கூடாது, சொல்லிவிட்டேன்.

கரையோரப்படகு:

நேற்று ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்தேன். மான் காட்சி மட்டும். பார்த்துச் சொல்லுங்கள்:

"மானின் மூச்சு நின்றபின் பனியின் சத்தம் மட்டும் இருந்தது. பையன் எழுந்திருக்கவில்லை. கத்தியை எங்கே துடைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கை வந்தது. பெரிய கை, கட்டுத்துணி சுற்றிய கை, விறகு பிளக்கும்போதுகூட யோசிக்காத கை. தோளுக்கு ஒரு சாண் மேலே நின்றது. பையனுக்கு அப்போது குளிர்ந்திருக்க வேண்டும், உடம்பைக் குறுக்கிக்கொண்டான். கை திரும்பிப் போய்க் கோடரியின் காம்பைப் பிடித்தது. 'நட' என்றான்."

ப்ராக் எங்கள் வீட்டுப் பக்கத்து லேத் பட்டறைக்காரர் மாதிரிதான் பேசுவான், அவர் திருச்சி, எனவே பிரச்சினை இல்லை.

தங்கை படித்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இதை யாரு சொல்றாங்க?" என்று கேட்டாள். போகப் போகத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அடுத்து பால்டர் வந்து கதவைத் தட்டுகிற அத்தியாயம். வீட்டுக் கூரையில் தொடங்கி மலை பிளக்கிற வரை ஒரே சண்டை, அதை வெட்டவும் முடியாது.

மாடிப்படி_வாசகி:

"அப்போது குளிர்ந்திருக்க வேண்டும்" என்பதில் "அப்போது" வேண்டாம். மற்றபடி கை வைக்காதீர்கள்.

பால்டர் அத்தியாயத்தை அனுப்பும் முன் "பாய்ந்த", "பாய்ந்து", "பாய்ந்தான்", "பாய்ந்தது" எல்லாவற்றையும் தேடிப் பார்த்து எண்ணிவையுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் நான் படிக்க மாட்டேன்.